அந்தக் கம்பெனிக்கு நீங்கள் யார்?

கல்யாண மண்டப வாசலில் பன்னீர்த் தெளிப்பை வாங்கிக்கொண்டு உள்ளே நுழைந்தால் யாரும் தடுப்பதில்லை. பெண் வீட்டார் உங்களை மாப்பிள்ளை வீட்டு ஆள் என்று நினைத்துக்கொள்வார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டு ஆள் என்று நினைத்துக்கொள்வார்கள். பந்தியில் இலை விழுந்துவிடும். ஒரு கம்பெனியின் பெயரைச் சொல்லிக்கொண்டு வருகிறவரை ஊர் உலகம் இதுவரை நம்பி வந்ததும் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான்.

உட்காருங்கள், டீ சொல்லியாகிவிட்டது. கொஞ்சம் பொறுமையாகக் கேட்டால் விஷயம் கஷ்டமானதில்லை.

உங்கள் மொத்தக் கடைக்கு ஒருவர் வருகிறார். "நான் இன்ன பிரைவேட் லிமிடெட்டின் டைரக்டர். சரக்கு வேண்டும், ஒரு மாதக் கடன் வேண்டும்" என்கிறார். எதைப் பார்த்து நம்புவீர்கள்? விசிட்டிங் கார்டு எந்த அச்சகத்திலும் கிடைக்கும். லெட்டர்ஹெட்டும் அப்படியே. ரப்பர் ஸ்டாம்ப் சொன்ன அன்றே செய்து கொடுத்துவிடுவார்கள். போர்டு தீர்மானத்தின் நகலை நீட்டினால், அதன் கீழே கையெழுத்துப் போட்டிருப்பவர் பல நேரம் எதிரே நிற்பவரே. ஆக, தனக்குத் தானே கொடுத்துக்கொண்ட சான்றுகளை ஒரு ஃபைலில் போட்டு எடுத்து வந்திருக்கிறார். நம் நாட்டுக் கம்பெனிகள் சட்டத்தில் பொது முத்திரை கட்டாயமில்லை என்று 2015-லேயே திருத்திவிட்டார்கள். ஆனாலும் கவுன்டரில் இருப்பவர் இன்றும் "கம்பெனி சீல் எங்கே சார்?" என்றுதான் கேட்கிறார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. பிடித்துக்கொள்ள அவருக்கு வேறு என்ன இருக்கிறது?

அவர் மனதில் ஓடும் கேள்விகளைப் பிரித்துப் பாருங்கள். இந்த ஆள் தான் சொல்லும் ஆள்தானா? இந்தக் கம்பெனி நிஜமாகவே பதிவாகி உயிரோடு இருக்கிறதா? இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கயிறு இருக்கிறதா, இருந்தால் இன்றைக்கும் அறுபடாமல் இருக்கிறதா? முதல் கேள்விக்கு ஆதாரும் பாஸ்போர்ட்டும் உண்டு. இரண்டாவதற்கு கம்பெனிப் பதிவாளரின் ஏடு உண்டு. மூன்றாவது கேள்விக்குத்தான் கையில் எடுத்துக் காட்டும்படி ஒன்றும் இல்லாமல் இருந்தது. பதிவேட்டில் டைரக்டர் பெயர் இருக்கும். ஆனால் அதே பெயர் கொண்ட இந்த மனிதர்தான் அவர் என்று பதிவேடு சொல்லாது.

இந்த நடுக்கயிற்றை அரசே முறுக்கிக் கொடுக்கும் வேலையைக் கனடாவின் மேற்குக் கோடி மாகாணமான பிரிட்டிஷ் கொலம்பியா செய்து காட்டியிருக்கிறது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

அங்கே 2013-ல் 'பிசி சர்வீசஸ் கார்டு' என்று ஓர் அட்டையைக் கொண்டுவந்தார்கள். பழைய மருத்துவக் காப்பீட்டு அட்டையின் இடத்தில் வந்த அதுவே அரசின் இணையச் சேவைகளுக்கான ஆள் அடையாளமாகவும் வளர்ந்தது. பிறகு 'ஆர்க்புக்' என்ற திறந்த தேடுதளம் வந்தது. மாகாணத்தில் பதிவான நிறுவனங்களின் பொது விவரங்களை அரசின் டிஜிட்டல் கையொப்பத்தோடு யாரும் தேடிப் பார்க்கலாம். ஆள் ஒரு பக்கம், கம்பெனி ஒரு பக்கம். இரண்டையும் சேர்ப்பதற்காகக் கைப்பேசியில் 'பிசி வாலட்' என்ற செயலி. அதை முதலில் சோதித்துப் பார்த்தவர்களில் வக்கீல்கள் உண்டு. நீதிமன்றப் பதிவுகளைக் கேட்க வேண்டுமானால், தாம் மாகாண வழக்கறிஞர் சங்கத்தின் உறுப்பினர் என்று வாலட்டிலிருந்தே காட்டினார்கள். அதே வழியில் வந்ததுதான் 'டிஜிட்டல் பிசினஸ் கார்டு'.

பெயரைக் கேட்டு விசிட்டிங் கார்டின் மின்வடிவம் என்று நினைத்துவிடாதீர்கள். விசிட்டிங் கார்டை நாம் அடித்துக்கொள்கிறோம். இதை மாகாணத்தின் பதிவுத்துறை அடித்துக் கொடுக்கிறது.

ஒகனகன் பள்ளத்தாக்கில், கெலோவ்னா ஊரில், ஒரு சின்ன திராட்சைத் தோட்டக் கம்பெனி நடத்தும் பெண்மணி என்று வைத்துக்கொள்வோம். முதலில் தான் யார் என்பதை அரசு அட்டை மூலம் நிரூபித்து, 'இன்னார்' என்ற ஆள் சான்றை வாலட்டில் வாங்கிக்கொள்கிறார். பிறகு பதிவுத்துறைத் தளத்தில் தன் கம்பெனிக் கணக்குக்குள் போகிறார். பிசினஸ் கார்டு வேண்டும் என்று கேட்டால் திரையில் ஒரு க்யூஆர் கோடு வருகிறது. கைப்பேசியால் அதைப் பிடிக்கிறார். வாலட்டில் உள்ள ஆளின் பெயரும் பதிவேட்டில் உள்ள பெயரும் பொருந்த வேண்டும். பொருந்தினால் சான்று வந்து இறங்குகிறது. கம்பெனியின் பெயர், பதிவு எண், எந்த வகை நிறுவனம், பதிவான தேதி, இப்போது நடப்பில் உள்ளதா, வருமான வரித்துறை கொடுத்த வணிக எண், இவருடைய பெயர், இவருடைய பொறுப்பு எல்லாம் அதில் இருக்கும். எல்லாவற்றின் மேலும் அரசின் டிஜிட்டல் கையொப்பம்.

டிஜிட்டல் கையொப்பம் என்றதும் பேனா பிடித்த கையெழுத்தின் படம் என்று சிலர் எண்ணுகிறார்கள். அரசிடம் ஒரு ரகசிய எண் இருக்கிறது. அதைக் கொண்டு இந்த விவரங்களின் மேல் ஒரு கணக்குப் போட்டு, விடையைச் சான்றோடு சேர்த்து அனுப்புகிறது. அந்த ரகசிய எண்ணுக்கு ஜோடியான பொது எண் எல்லோருக்கும் தெரியும்படி ஒரு பொதுப் பேரேட்டில் கிடக்கிறது. சான்றைப் பார்ப்பவர் அந்தப் பொது எண்ணை வைத்துக் கணக்கைச் சரிபார்க்கிறார். பெயரில் ஓர் எழுத்தை மாற்றினாலும் கணக்கு உதைக்கும். சரிபார்ப்பவர் அரசு அலுவலகத்துக்குப் போன் போட வேண்டாம், கடிதம் எழுத வேண்டாம், அலுவலகம் திறந்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

பேரேட்டில் அந்தப் பெண்மணியின் பெயர் இல்லை, கம்பெனி விவரம் இல்லை, சான்றும் இல்லை என்பதையும் கவனியுங்கள். அரசின் பொது எண்ணும், சான்றில் என்னென்ன கட்டங்கள் இருக்கும் என்ற அமைப்பும், ரத்துக் கணக்கும் மட்டுமே அங்கே இருக்கின்றன. 'பிளாக்செயினில் நம் விவரத்தையெல்லாம் ஏற்றிவிட்டார்கள்' என்று பயப்படுகிறவர்களுக்காகச் சொல்கிறேன். சான்று அவர் கைப்பேசியில்தான் இருக்கிறது.

இப்போது அவர் வங்கிக்குப் போகிறார். இங்கேதான் எனக்குப் பிடித்த பகுதி. நாம் டைரக்டர் என்று நிரூபிக்க ஆதார் ஜெராக்ஸைக் கொடுத்தால், கேட்காமலே பிறந்த தேதியும் வீட்டு முகவரியும் சேர்ந்து போய்விடுகின்றன. அந்த ஜெராக்ஸ் எந்த மேசையில் கிடக்கும், எந்தப் பழைய பேப்பர் கடைக்குப் போகும் என்பது நம் கையில் இல்லை. இந்த முறையில் வங்கி "உங்கள் பெயர், பொறுப்பு, கம்பெனி எண் இந்த மூன்றும் வேண்டும்" என்று கேட்டால் வாலட் அந்த மூன்றை மட்டும் காட்டும். மற்றவை மூடியே இருக்கும். ஆனால் காட்டிய மூன்றும் அரசு கையொப்பமிட்ட முழுச் சான்றின் பகுதிகளே என்பது கணக்கில் நிரூபணமாகிவிடும்.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். ஒரு பெரிய வியாபாரி, "பதிவாகி இரண்டு வருடமாவது ஆன கம்பெனிக்குத்தான் கடன்" என்கிறார் என்று வையுங்கள். பதிவுத் தேதியைச் சொல்லாமலே 'ஆகிவிட்டது' என்று மட்டும் நிரூபிக்க முடியும். அதற்காகவே சான்றுக்குள் தேதியை ஒரு முழு எண்ணாக, வருடம், மாதம், நாள் என்று ஒட்டி எழுதி வைத்திருக்கிறார்கள். 2021 மார்ச் 5 என்பது 20210305 ஆகிவிடும். எண் என்றால் பெரியதா, சிறியதா என்று கேட்கலாம். எண்ணை வெளியே விடாமல் 'சிறியதுதான்' என்று நிரூபிக்கும் கணிதம் பல வருடமாகவே இருக்கிறது. ஆள் சான்றிலும் இதே வித்தை உண்டு. அந்த மாகாணத்தில் மது வாங்க 19 வயது ஆகியிருக்க வேண்டும். பிறந்த தேதியைக் காட்டாமல் 19 ஆகிவிட்டது என்று மட்டும் இதைக் கொண்டு காட்ட முடியும்.

"இரண்டு சான்றையும் இரண்டு பேரிடமிருந்து வாங்கி ஒரே ஆள் போலக் காட்டினால்?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. வாலட்டுக்குள் வெளியே வராத ஒரு ரகசிய எண் இருக்கிறது. அதில் வாங்கும் ஒவ்வொரு சான்றும் அந்த எண்ணோடு கட்டப்பட்டே வருகிறது. ஆள் சான்றையும் பிசினஸ் கார்டையும் சேர்த்துக் காட்டும்போது, இரண்டும் ஒரே ரகசியத்தோடு கட்டியவை என்ற நிரூபணமும் கூடவே போகிறது. அண்ணன் கார்டைத் தம்பி தன் அடையாளத்தோடு ஒட்ட முடியாது. அண்ணன் தன் கைப்பேசியையே திறந்து தம்பி கையில் கொடுத்துவிட்டால் எந்தக் கணிதமும் காப்பாற்றாது, அது வேறு விஷயம். அதற்குப் பின்னால் வருகிறேன்.

ரத்து செய்வது எப்படி? டைரக்டர் பொறுப்பு போய்விட்டால் கைப்பேசியில் உள்ள சான்றை அரசு பிடுங்க முடியாது. அதனால் பேரேட்டில் உள்ள ரத்துக் கணக்கைத் திருத்துகிறது. அடுத்த முறை சான்றைக் காட்டும்போது, 'நான் ரத்தான கூட்டத்தில் இல்லை' என்று வாலட் நிரூபிக்க வேண்டும். அதையும் தான் எத்தனையாவது சான்று என்று சொல்லாமலே நிரூபிக்கிறது. இதன் பலன் பெரியது. அந்தப் பெண்மணி எந்த வங்கிக்குப் போனார், யாரிடம் கடன் கேட்டார் என்பது சான்று கொடுத்த அரசுக்கே தெரியாது. நம் ஊரில் ஆதார் ஓடிபி போட்டு ஒரு வேலை முடித்தால், எந்த நிறுவனம் எப்போது கேட்டது என்ற பதிவு ஆதார் ஆணையத்தில் விழுகிறது. அதை ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சொன்னது. காட்டும் இடத்தை அரசு அறியாமல் இருப்பது வியாபாரத்தில் சின்னச் சலுகை இல்லை. எந்தக் கம்பெனி யாரிடம் பேச்சுவார்த்தை நடத்துகிறது என்பதே விலை உள்ள செய்தி.

இதுவரை சொன்னது சந்தோஷமான பாதி. இன்னொரு டீ சொல்லுங்கள்.

2013-க்கும் 2015-க்கும் நடுவில் ஃபேஸ்புக், கூகுள் என்ற இரண்டு நிறுவனங்களிடமிருந்து 10 கோடி டாலருக்கு மேல் ஒரு லிதுவேனிய ஆசாமி கறந்துவிட்டார். இரண்டு நிறுவனங்களுக்கும் தைவானின் குவான்டா கம்ப்யூட்டர் உபகரணங்கள் சப்ளை செய்துகொண்டிருந்தது. இந்த மனிதர் லாட்வியாவில் அதே பெயரில் ஒரு கம்பெனியைப் பதிவு செய்தார். அதன் பேரில் வங்கிக் கணக்குகள் திறந்தார். பிறகு போலி மின்னஞ்சல், போலி பில், போலி ஒப்பந்தம். கணக்குப் பிரிவினர் பெயரைப் பார்த்தார்கள், பணத்தை அனுப்பினார்கள். 2019-ல் நியூயார்க் நீதிமன்றம் அவருக்கு ஐந்து வருடச் சிறை விதித்தது.

இந்தக் கதையை எல்லோரும் 'பார்த்தீர்களா, டிஜிட்டல் சான்று இருந்திருந்தால்' என்று முடிப்பார்கள். நான் அப்படி முடிக்கமாட்டேன். லாட்வியக் கம்பெனி பொய்க் கம்பெனி இல்லை. முறையாகப் பதிவானது. அந்த ஆளும் அதற்கு உண்மையிலேயே உரியவர். லாட்வியாவில் அன்று டிஜிட்டல் பிசினஸ் கார்டு இருந்திருந்தால் அவருக்கும் ஒன்று கிடைத்திருக்கும். கையொப்பம் சரியாக இருந்திருக்கும், கணக்கும் உதைத்திருக்காது. சான்றைப் பார்ப்பவர் கம்பெனியின் பெயரோடு நின்றுவிடாமல், எந்த நாட்டுப் பதிவேடு, என்ன எண் என்று படித்தால்தான் குட்டு உடையும். கார்டு பொய் சொல்லாது; கேட்காத கேள்விக்குப் பதிலும் சொல்லாது.

அடுத்தது அதிகாரம். 'இவர் டைரக்டர்' என்பது வேறு, 'இந்தக் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட இவருக்கு அதிகாரம் உண்டு' என்பது வேறு. நாலு டைரக்டர் உள்ள கம்பெனியில் பத்து லட்சத்துக்கு மேல் இரண்டு பேர் சேர்ந்துதான் கையெழுத்திட வேண்டும் என்று உள் விதி இருக்கலாம். சான்றில் அந்த விதி கிடையாது. இந்தச் சிக்கலுக்கு வயது அதிகம். 1856-ல் லண்டனில் ராயல் பிரிட்டிஷ் வங்கிக்கும் டர்குவாண்ட் என்பவருக்கும் நடந்த வழக்கில், கம்பெனி முத்திரையோடு இரண்டு டைரக்டர்கள் கையெழுத்திட்ட கடன் பத்திரம் செல்லுமா என்ற பிரச்சினை வந்தது. பங்குதாரர் தீர்மானம் எடுத்ததா என்று வெளியாள் வீட்டுக்குள் புகுந்து பார்க்க முடியாது, உள் நடைமுறை ஒழுங்காக நடந்திருக்கும் என்று அவர் நம்பிக்கொள்ளலாம் என்று தீர்ப்பானது. இந்தியாவிலும் நீதிமன்றங்கள் இந்தக் கொள்கையைப் பின்பற்றுகின்றன. அந்தப் பாதுகாப்பு சந்தேகத்துக்கு இடமில்லாமல் நடந்துகொண்டவருக்குத்தான். கண்ணெதிரே தெரியும் கோளாறைப் பார்க்காதவர் போல் இருந்தவருக்குக் கிடைக்காது.

ஐரோப்பிய ஒன்றியம் இந்த ஓட்டையைக் கவனித்திருக்கிறது. 2025 தொடக்கத்தில் வெளிவந்த அதன் கம்பெனிச் சட்ட உத்தரவு ஒன்று, ஐரோப்பியக் கம்பெனிச் சான்றிதழோடு கூடவே டிஜிட்டல் அதிகாரப் பத்திரம் என்ற ஒன்றையும் கொண்டுவருகிறது. இன்னாருக்கு இன்ன காரியம் செய்யக் கம்பெனி அதிகாரம் கொடுத்திருக்கிறது என்பது அதில் இருக்கும். பிரிட்டிஷ் கொலம்பியாவின் கார்டு பொறுப்போடு நின்றுவிடுகிறது. அடுத்த படி அதிகாரம்தான் என்பது என் எண்ணம்.

எல்லாவற்றையும்விடக் கனமான விஷயம் பதிவேடு. சான்று பதிவேட்டின் குரல். பதிவேட்டில் பொய் இருந்தால் அரசுக் கையொப்பத்தோடு பொய் வெளியே வரும்.

பிரிட்டனின் கம்பெனிப் பதிவகமான கம்பெனீஸ் ஹவுஸில் பல காலம் யார் பெயரை வேண்டுமானாலும் டைரக்டராகப் போடலாம் என்ற நிலை இருந்தது. பூர்த்தி செய்த படிவத்தை வாங்கிப் பதிவு செய்வது மட்டுமே அதன் வேலை. இதை அம்பலப்படுத்த ஒரு தொழில்முனைவோர் 2013-ல் அப்போதைய வணிக அமைச்சர் வின்ஸ் கேபிளின் பெயரிலேயே ஒரு கம்பெனியைப் பதிவு செய்து, அவரையே டைரக்டராகவும் போட்டார். பதிவாகிவிட்டது! செய்ததை அவரே அமைச்சருக்கு எழுதித் தெரிவித்தார். 2016-லும் வேறு அரசியல்வாதிகளின் பெயரில் இன்னொன்று. கடைசியில் 2018-ல், பதிவகத்துக்குப் பொய்த் தகவல் கொடுத்ததாக அவர் மேலேயே வழக்குப் போட்டு அபராதம் விதித்தார்கள். ஓட்டையை வைத்துக் கறுப்புப் பணத்தை வெளுத்தவர்கள் எத்தனையோ பேர் இருக்க, ஓட்டையைக் காட்டியவர் முதலில் மாட்டினார். அரசாங்கங்கள் எந்தக் கண்டத்தில் இருந்தாலும் சில குணங்கள் மாறுவதில்லை. 2023-ல் புதுச் சட்டம் வந்து, 2025 நவம்பர் 18 முதல் டைரக்டர்கள் தம் அடையாளத்தை நிரூபிப்பது அங்கே கட்டாயமாயிற்று.

பதிவேட்டில் பொய்யே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் தாமதம் உண்டு. பிரிட்டிஷ் கொலம்பியாவில் டைரக்டர் மாறினால் 15 நாளுக்குள் பதிவுத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். இந்தியாவில் 30 நாள். திங்கட்கிழமை ராஜினாமா செய்தவர், கம்பெனி படிவம் போடும் வரை பதிவேட்டில் டைரக்டராகவே இருக்கிறார். அவர் கைப்பேசியில் உள்ள சான்றும் அதுவரை செல்லும். 'இப்போது செல்லுபடியாகிறது' என்ற பச்சை டிக்குக்குப் பொருள், பதிவேட்டுக்கு இதுவரை வேறு சேதி வரவில்லை என்பது மட்டுமே. சண்டை போட்டுப் பிரிந்த பங்காளிகளின் கம்பெனியில் இந்தப் பதினைந்து, முப்பது நாள் போதாதா?

இனி நம் ஊர். நம்மிடம் இதன் சொந்தக்காரப் பொருட்கள் பல உண்டு. டைரக்டர் ஆகிற ஒவ்வொருவருக்கும் டின் என்ற எட்டு இலக்க எண், ஆயுளுக்கும் ஒன்றே. 2018 முதல் அதற்குத் தனியாகக் கேஒய்சி. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ல் வந்ததிலிருந்து டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழ். அரசு உரிமம் பெற்ற நிறுவனங்கள் வழங்குகின்றன. 2021 முதல் புதிதாக மூன்றாம் வகுப்புச் சான்றிதழ் மட்டும். அதில் நிறுவனப் பெயரையும் சேர்த்து வாங்க முடியும். டிஜிலாக்கரின் தம்பியாக, நிறுவனங்களுக்கென்று என்டிட்டி லாக்கர் என்பதையும் மத்திய அரசு தொடங்கியிருக்கிறது. சரக்குக்குக் குறைவில்லை.

குறை எங்கே என்றால், ஆடிட்டர் ஆபீஸ் இழுப்பறையில். கம்பெனி நடத்தும் பத்துப் பேரைக் கேட்டுப் பாருங்கள், உங்கள் டிஜிட்டல் கையொப்ப டோக்கன் எங்கே என்று. "ஆடிட்டர்கிட்ட இருக்கு" என்பார்கள். அந்தச் சின்ன யூஎஸ்பி குச்சியின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டி, கம்பெனி பெயரும் பின் நம்பரும் எழுதி, ரப்பர் பேண்ட் போட்டு ஒரு டப்பாவில் மொத்தமாக வைத்திருப்பார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. கடைசித் தேதி நெருங்கும்போது முதலாளி ஊரில் இருக்கமாட்டார், ஃபைல் பண்ண வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்தக் குச்சியால் இட்ட கையொப்பம் சட்டத்தின் கண்ணில் முதலாளி கையொப்பம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 42-வது பிரிவு, அந்த ரகசியத் திறவுகோலைத் தன் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்ளும் பொறுப்பைச் சான்றிதழ் வாங்கியவர் தலையில்தான் வைக்கிறது. அண்ணன் கைப்பேசியைத் திறந்து தம்பியிடம் கொடுத்தால் என்று முன்னே சொன்னேனே, இதுதான் அது. நாளைக்குக் கனடா போல வாலட் வந்தாலும் கைப்பேசியை ஆடிட்டர் ஆபீஸ் பையனிடம் கொடுத்து "ஓகே அமுக்கிடுப்பா" என்றால் எல்லாக் கணிதமும் அங்கேயே முடிந்தது.

அதைவிடக் கொடுமை, தனக்கும் ஒரு தொழிலுக்கும் தொடர்பு இருப்பதே தெரியாத மனிதர்களின் கதை. தினக்கூலிக்குப் போகிறவர்கள் வீட்டுக்குக் கோடிக்கணக்கில் ஜிஎஸ்டி பாக்கி என்று நோட்டீஸ் வந்த செய்திகளைத் தமிழ்நாட்டிலும் படித்திருப்பீர்கள். கடன் வாங்கித் தருகிறேன், வேலை வாங்கித் தருகிறேன் என்று சொல்லி ஆதாரையும் பான் அட்டையையும் வாங்கிப் போனவர்கள், அந்த ஏழையின் பெயரில் ஒரு நிறுவனத்தைப் பதிவு செய்துவிடுகிறார்கள். பிறகு சரக்கே நகராமல் பில் மட்டும் நகரும். நாடு முழுக்க 2023 மே நடுவிலிருந்து ஜூலை நடுவரை வரித்துறை நடத்திய சோதனையில், பதிவில் மட்டும் உள்ள, இடத்தில் இல்லாத நிறுவனங்கள் சுமார் 21,800 கிடைத்தன. ஏய்ப்பு என்று சந்தேகித்த தொகை சுமார் 24,000 கோடி ரூபாய். இந்தப் பதிவுகள் ஒவ்வொன்றும் ஆளையும் நிறுவனத்தையும் கட்டிய ஓர் அரசுச் சான்றுதான். கட்டியது தப்பான ஆளை. ஆபத்து என்று கணினி கருதும் விண்ணப்பதாரர் இப்போது ஜிஎஸ்டி சேவை மையத்துக்கு நேரில் வந்து விரல்ரேகை வைக்க வேண்டும் என்று கொண்டுவந்திருக்கிறார்கள். தாமதமாக வந்த நல்ல காரியம்.

அதனால் நம் நாட்டில் இந்தக் கார்டு வருகிற நாளில் செயலி எவ்வளவு அழகாக இருக்கிறது என்று நான் பார்க்கமாட்டேன். பதிவேட்டில் ஒரு பெயரை ஏற்றும்போது அந்தப் பெயருக்குரியவரிடம் யார் நேரில் கேட்டார்கள், அவர் விலகினால் அவரே தன் பெயரை எடுக்க முடியுமா, கார்டைப் பார்க்கும் வங்கி கம்பெனி எண்ணைப் படிக்கிறதா என்பதைத்தான் பார்ப்பேன். பிரிட்டிஷ் கொலம்பியாவின் கணிதத்தை நாலு நல்ல பொறியாளர்கள் இங்கே கட்டிவிடுவார்கள். பதிவேட்டைச் சுத்தம் செய்ய அவர்களால் ஆகாது.

டீக்குக் காசு நான் கொடுக்கிறேன். நீங்கள் ஒன்று செய்யுங்கள். ஜிஎஸ்டி தளத்தில் வரி செலுத்துபவரைத் தேடும் இடத்தில், பான் எண்ணை வைத்துத் தேட ஒரு வழி இருக்கிறது. பணம் கட்ட வேண்டாம். உங்கள் பான் எண்ணைப் போட்டுப் பாருங்கள், வீட்டில் இருப்பவர்களுடையதையும் போட்டுப் பாருங்கள். கம்பெனி வைத்திருந்தால் நாளைக்கே ஆடிட்டர் ஆபீஸுக்குப் போய் உங்கள் டோக்கனை வாங்கி, பின் நம்பரை மாற்றிவிடுங்கள்.